கீழ்பென்னாத்தூர்ச் சம்பந்தி

சொந்தக்காரர் வந்து தங்கினால் அரசாங்கம் எட்டிப் பார்க்காது என்றும், தங்குகிறவர் யாராக இருந்தாலும் முறை வைத்துக் கூப்பிட்டுவிட்டால் அவர் சொந்தக்காரர் ஆகிவிடுவார் என்றும் ஐம்பத்து மூன்று வயது வரை நம்பியிருந்தேன். இந்த அறிவை வைத்துக்கொண்டுதான் இருபத்தாறு வருடமாக டென்மார்க்கில் குடித்தனம் நடத்துகிறேன். அங்கே ஆர்ஹுஸ் நகரத்தில் என் பக்கத்து வீட்டு கிர்ஸ்டன், கோடையில் தன் மாடியறையை ஒரு வாரம் வாடகைக்கு விட்டால்கூட, வந்தவர் பெட்டியை இறக்குவதற்குள் வரி அலுவலகத்துக்குச் சொல்லிவிடுவார். என் வேலி இரண்டு சாண் அதிகமாக வளர்ந்துவிட்டது என்று கொம்யூனுக்கு, அதாவது அந்த ஊர் நகராட்சிக்கு, என்னைப் பற்றிப் புகார் எழுதிவிட்டு, அன்று மாலையே எனக்கு ஆப்பிள் கேக் கொண்டுவந்து கொடுத்த மனுஷி. எழுபது வயது, ஆறடி உயரம், வாயில் பொய் வராது.

அந்தக் கிர்ஸ்டன்தான் போன பௌர்ணமிக்கு என்னோடு கிரிவலம் நடக்க வந்தார். தங்கியது அடி அண்ணாமலையில் என் அக்கா வீட்டில். மாமா போன பிறகு அக்கா மாடியில் இரண்டு அறை கட்டி நாள் வாடகைக்கு விடுகிறாள். அவள் ஜீவனம் அதில்தான். சந்தோஷமும் அதில்தான், எந்த நாட்டுக்காரர் வந்தாலும் இரண்டு நாளில் அவர்களை "இன்னும் ரெண்டு இட்லி போதுங்க்கா" என்று தமிழில் கெஞ்ச வைத்துவிடுவாள்.

பௌர்ணமிக்கு முதல் நாள் காலை அக்கா காய் வாங்க டவுனுக்குப் போயிருந்தாள். ஃபோனைத் திறந்தேன். அனுமதி இல்லாமல் வாடகைக்கு விடும் வீடுகளுக்கு சீல் வைக்கப்படும் என்று ஒரு செய்தி. எனக்கு உள்ளங்கால் வியர்த்தது. அக்காவிடம் லைசென்ஸ் இருக்கிறதா? ஃபோன் போட்டுக் கேட்டிருக்கலாம். பாவம், பயந்துவிடுவாள் என்று கேட்கவில்லை. பயந்தவர் யார் என்பது வாசகருக்கு இதற்குள் தெரிந்திருக்கும். வாசலில் இருந்த போர்டைக் கழற்றினேன். கூடத்துச் சுவரில் சட்டம் போட்டு ஏதோ அச்சடித்த காகிதம் தொங்கியது. வாடகை விவரமாக இருக்கும் என்று படிக்காமலே அதையும் கழற்றி, இரண்டையும் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். பிறகு கிர்ஸ்டனை உட்கார வைத்து, "யாராவது வந்து கேட்டால் நீங்கள் எங்கள் சம்பந்தி" என்றேன்.

"அப்படி என்றால்?"

"என் பிள்ளையும் உங்கள் பிள்ளையும் கல்யாணம் செய்துகொண்டார்கள் என்று அர்த்தம்."

"எனக்குப் பிள்ளை இல்லையே."

"என் மகனுக்கும் கல்யாணம் ஆகவில்லை. அதைப் பற்றி இப்போது என்ன?"

கிர்ஸ்டன் என்னை வேலியைப் பார்ப்பது போல் பார்த்தார். ஆனால் அந்தச் சொல் அவருக்குப் பிடித்துப்போயிற்று. அதைச் சொல்லிக்கொண்டே மாடிக்கும் கீழுக்கும் நடந்தார்.

என் பக்கம் கொஞ்சம் நியாயம் உண்டு. சின்ன வயதில் தீபத்துக்கு எங்கள் வீட்டில் கால்வைக்க இடம் இருக்காது. வருஷாவருஷம் வாழைத்தாரோடு வந்து மூன்று நாள் தங்கும் ஒரு மாமா இருந்தார். அவர் அம்மா வழிச் சொந்தம் என்று அப்பாவும், அப்பா வழி என்று அம்மாவும் நினைத்து உபசரித்தார்கள். யார் வழியும் இல்லை என்று தெரிந்தபோது அவர் வரத் தொடங்கி ஆறு வருஷம் ஆகியிருந்தது. ஏழாவது வருஷமும் அவருக்குப் பாய் போட்டோம். எந்தக் கொம்யூனும் வந்து கேட்கவில்லை.

பத்து மணிக்கு ஒரு பைக் வந்து நின்றது. இறங்கியவர் போலீஸ் ஏட்டு, கையில் ஒரு லிஸ்ட்.

"இந்தம்மா யாருங்க?"

"எங்க சம்பந்திங்க."

அவர் கிர்ஸ்டனை அடியிலிருந்து முடி வரை பார்த்தார். அதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. "பொண்ணு குடுத்தீங்களா, எடுத்தீங்களா?"

"எடுத்தோங்க."

"எந்த ஊர்ல?"

டென்மார்க் என்று சொல்லியிருந்தால் பிழைத்திருப்பேன். வாயில் வந்தது பக்கத்து ஊர்ப் பெயர், "கீழ்பென்னாத்தூர்."

"நானும் கீழ்பென்னாத்தூர்தாங்க. எந்தத் தெரு?"

நான் விழித்த விழிப்பைப் பார்த்துக் கிர்ஸ்டன் கைகூப்பி, "சம்பந்தி. சாப்டீங்களா?" என்றார். இரண்டாவது சொல் அக்கா கற்றுக்கொடுத்தது.

அந்த நேரத்தில் ஆட்டோவில் அக்கா வந்து இறங்கினாள். "போர்டு எங்கடா?"

"லைசென்ஸையும் காணோமேம்மா, செவத்துல மாட்டி வெக்கணுமே" என்றார் ஏட்டு.

"அங்கதான் சார் மாட்டியிருக்கு" என்று அக்கா கைகாட்டிய இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. அக்கா என்னைப் பார்த்தாள். நான் குனிந்து, கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து போய், லைசென்ஸோடு வெளியே வந்தேன்.

"இன்னாடா இது கூத்து? லைசென்ஸு வாங்கி, வீட்டு வரிய கடைக் கணக்குக்கு மாத்தி, கரண்ட்டையும் மாத்தி, வர்ற வெளிநாட்டுக்காரங்க ஒருத்தர் விடாம ஆன்லைன்ல போலீசுக்கு சி ஃபாரம் போட்டுட்டு இருக்கேன். நீ வந்து ஒளிச்சு வெக்கிறியா?"

ஏட்டு சிரிப்பை அடக்கிக்கொண்டு லிஸ்டைப் பார்த்தார். "இந்த வீட்ல ரெண்டு ஃபாரினர்னு வந்திருக்கு. ஒருத்தங்க இவங்க. இன்னொருத்தர் எங்கேம்மா?"

அக்கா என்னைக் காட்டினாள். "வெளிநாட்டு பாஸ்போர்ட்டு யார் வெச்சிருந்தாலும் போடணும்னாங்க. தம்பின்னா விட முடியுமா?"

"அப்ப சம்பந்தி உக்காரட்டும். நீங்க பாஸ்போர்ட்டை எடுத்துட்டு வாங்க சார்."

எடுத்துக் கொடுத்தேன். தங்குகிறவர்கள் விவரம் எழுதும் பதிவேட்டை அக்கா நீட்ட, அவர் திறந்தார். கிர்ஸ்டனுக்கு அடுத்த வரியில் நான் இருந்தேன். எல்லாக் கட்டமும் அக்காவின் கையெழுத்தில் நிரம்பியிருந்தது, புறப்படும் தேதி மட்டும் காலி.

"இதை ஏம்மா வுட்டுட்டீங்க?"

"அதை நான் எழுத மாட்டேன் சார். அவனே எழுதட்டும்" என்று சொல்லிவிட்டு அக்கா மோர் கொண்டுவர உள்ளே போனாள்.

நான் எழுதினேன். ஏட்டு மோர் குடித்தார், சம்பந்திக்கு ஒரு வணக்கம் வைத்தார், போனார். வீட்டுக்கு யாரும் சீல் வைக்கவில்லை. மறுநாள் மூன்று பேரும் கிரிவலம் நடந்தோம்.