மேஸ்திரி எர்மானோவுக்கு விழுந்த ஓட்டு

எர்மானோவுக்கு யோஸ்டைப் பிடிக்காது. ஏன் என்று கேட்டால் சொல்ல முடியாது. ஆள் நல்லவன், அதனால்தான் பிடிக்கவில்லை என்று எவனாவது வாயைத் திறந்து சொல்வானா.

ரோக்காசெர்னா என்ற மலையூரில் பாதி வீடு இப்போது வெளிநாட்டுக்காரர்களுடையது. ஆகஸ்டில் வந்து ஜன்னலைத் திறப்பார்கள். கோயில் மணி தூங்கவிடவில்லை என்று முனகுவார்கள். வெயில் தணிந்ததும் பூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அந்த வீடுகளுக்குக் கூரை மாற்றியது எர்மானோ, சுவர் எடுத்தது எர்மானோ, ஆள் இல்லாத மாதங்களில் சாவி வைத்திருப்பதும் எர்மானோதான். மீசை முளைக்கும் முன்பே சாந்துச் சட்டி தூக்கியவர். அந்த ஊருக்கு அவர் மேஸ்திரி.

மேஸ்திரி மட்டுமில்லை, கவுன்சிலரும். மூன்று தேர்தலாக ஜெயித்து வருகிறார். மன்றத்தில் அவர் பேசி யாரும் கேட்டதில்லை, கை தூக்கச் சொன்னால் தூக்குவார். ஆனால் சதுக்கத்தில் நடந்தால் காப்பி பார் வைத்திருக்கும் துல்லியோ உள்ளேயிருந்தே "வாங்க கவுன்சிலர்" என்பான். அந்த ஒரு சொல்லுக்காக எர்மானோ ஊரைச் சுற்றிக்கொண்டுகூட அந்தப் பக்கம் போவார். அது இல்லாவிட்டால் அவர் சட்டையில் சுண்ணாம்பு ஒட்டிய இன்னொரு ஆள், அவ்வளவுதான்.

யோஸ்ட் ஹாவிங்கா ஹாலந்துக்காரன். மற்றவர்களைப் போல வந்து போகிற ஆள் இல்லை, வந்தவன் தங்கிவிட்டான். தேனீ வளர்த்தான். வருஷா வருஷம் வீட்டுக்கு ஒரு பாட்டில் தேன் கொடுப்பான், அதன்மேல் அந்த வீட்டுக்காரர் பெயரைத் தன் கையாலேயே எழுதி, கட்டம் கட்டமாக, கட்டட வரைபடத்தில் எழுதுகிற மாதிரி. ஊர்ப் பேச்சைக் கெட்ட வார்த்தை உள்பட கற்றுக்கொண்டான். சீட்டாட்டத்தில் முன்பு துல்லியோவுக்கு ஜோடி எர்மானோ. இப்போது யோஸ்ட். அவன் குடியிருக்கும் வீட்டை இடித்துக் கட்டியது எர்மானோ. பார்க்கிறவர்களோ யோஸ்டின் ரசனையே ரசனை என்கிறார்கள்.

வீட்டிலும் அதே கதைதான்.

"அவன் சொன்னா மட்டும் உனக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வருது" என்றார் மனைவி நாட்ஸரேனாவிடம்.

"நீ கல்யாணத்துக்கு முன்னாடி சொன்ன ஜோக்கையே இன்னும் சொல்லிக்கிட்டிருக்க. அந்த மனுசன் புதுசா சொல்றாரு."

இந்தத் தேர்தலுக்குக் கோதுமைக் கதிர் சின்னத்தில் வேட்பாளர் பட்டியல் போட்டது மாட்டு டாக்டர் லொரெதானா. அவள் எர்மானோவையும் போட்டாள், யோஸ்டையும் போட்டாள். ஐரோப்பாக்காரன் ஊரில் குடியிருந்து வாக்காளர் பட்டியலில் ஏறிவிட்டால் நிற்கலாமாம். அவனை ஏற்றிவிட்டது யார்? எர்மானோவேதான். ஜெர்மன்காரர்கள், பெல்ஜியக்காரர்கள், யோஸ்ட் என்று எல்லாரையும் போன வருஷம் தன் மூன்று சக்கர வண்டியில் ஊராட்சி ஆபீசுக்கு ஏற்றிப் போய்ப் பெயர் சேர்த்துவிட்டார். நன்றிக்கு நமக்குக் குத்துவார்கள் என்று கணக்கு. சொந்தச் செலவில் பெட்ரோல் போட்டுத் தன் வினையைத் தானே வண்டியேற்றிய ஆள் அந்த மலையிலேயே அவர் ஒருவர்தான்.

நீச்சல் குளம் வைத்த வீட்டு இங்கிலீஷ்காரி ஹெதருக்கு, அவள் நாடு ஐரோப்பாக் கூட்டணியை விட்டுப் பிரிந்துவிட்டதால், ஓட்டே கிடையாது. அவள்கூட, எர்மானோ புதர் வேலியைக் கத்தரித்துக்கொண்டிருக்கும்போது வந்து நின்றாள். "எனக்கு ஓட்டு இருந்தா யோஸ்டுக்குத்தான் போடுவேன், எவ்வளவு நல்ல மனுசர் இல்ல?"

"ஆமா, ரொம்ப நல்லவர்" என்றார் எர்மானோ. அன்றைக்கு அந்த வேலி ஒரு பக்கம் மொட்டையாகிப் போனது.

மே முதல் தேதி எல்லார் வீட்டு முற்றத்திலும் பச்சை அவரையும் ஆட்டுப்பால் சீஸும் இருக்கும். எர்மானோ சீஸைத் தேனில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார். யோஸ்ட் வந்தான்.

"மேஸ்திரி, ஒரு சந்தேகம். ஓட்டுச்சீட்டுல சின்னத்துக்குப் பக்கத்துல ஒரு பேர்தான எழுதணும்? நானே நிக்கிறேன். என் பேரையே எழுதிக்கலாமா? எங்க ஊர்ல அது பெரிய விஷயமில்ல. இங்க எப்படின்னு தெரியல."

அந்த ஊரில் நிற்கிறவன் எவனும் தன் பெயரைத்தான் எழுதுவான். எர்மானோ மூன்று முறையும் அப்படித்தான் எழுதினார். ஆனால் வாய் முந்திக்கொண்டது.

"சேச்சே. அதெல்லாம் இங்க யாரும் செய்ய மாட்டாங்கப்பா. தன் கல்யாணத்துல தானே கை தட்டிக்கிற மாதிரி இருக்கும்."

"அப்ப யார் பேரை எழுதறது?"

"கூட நிக்கிறவங்கள்ல ஒருத்தரை. ஒரு மரியாதைக்கு."

"யார் எழுதினதுன்னு வெளிய எப்படித் தெரியும்?"

"உன் எழுத்து தெரியாத வீடு இருக்கா இந்த ஊர்ல? எண்ணும்போது மேஜைக்கு மேல காட்டுவாங்க. மானம் போயிடும்."

யோஸ்ட் நன்றி சொல்லிவிட்டுப் போனான். அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்த நாட்ஸரேனா தலையைத் தூக்கவில்லை.

"அந்த ஆளு தேனைத் தொட்டுக்கிட்டே சொல்றியே, தொண்டையில அடைக்கலையா?"

"உன் வேலையப் பாரு."

ஓட்டு எண்ணியது பள்ளிக்கூடத்தில். சனமெல்லாம் சுவரோரம் நின்றது. தலைமை அதிகாரியாக உட்கார்ந்திருந்த மருந்துக்கடைப் பெண் ஒவ்வொரு சீட்டாகப் பிரித்துச் சத்தமாக வாசித்தாள். கோதுமைக் கதிர் தோற்றது முன்னமே தெரிந்துபோயிற்று. தோற்ற பட்டியலுக்கும் மன்றத்தில் மூன்று இடம் உண்டு, பட்டியலில் யார் பெயரை அதிகம் பேர் எழுதினார்களோ அவர்களுக்கு. ஒன்று லொரெதானாவுக்கு, அடுத்தது அவள் அண்ணனுக்கு. மிச்சமிருந்த ஒன்றுக்கு எர்மானோவும் யோஸ்டும் மாறி மாறி ஏறி வந்தார்கள். "ஹாவிங்கா" என்று கேட்டால் எர்மானோ சுவரோடு சாய்ந்துகொண்டார். ஜெர்மன்காரர்கள் குத்தியது யாருக்கென்று இப்போது விளங்கியது. "பால்தெல்லி" என்று தன் குடும்பப் பெயரைக் கேட்டால் ஒரு அடி முன்னே வந்தார். இருவரும் சமமாக நின்றபோது பெட்டியில் சொச்சம்தான் இருந்தது.

மருந்துக்கடைப் பெண் ஒரு சீட்டைப் பிரித்து ஒரு நொடி பார்த்தாள். "கோதுமைக் கதிர். எர்மானோ பால்தெல்லி."

ஊர்க்காரர்கள் குடும்பப் பெயரை மட்டும் கிறுக்குவார்கள். இது முழுப் பெயர். அவள் சீட்டை மேஜைக்கு மேலே தூக்கிக் காட்டினாள். கட்டம் கட்டமாக, கோணல் மாணல் இல்லாமல்.

"ஏய், இது தேன் பாட்டில் எழுத்துல்ல?" என்றான் துல்லியோ.

"பேசாதீங்க. ரகசிய ஓட்டு" என்றாள் அவள்.

யார் கேட்டார்கள். "பாத்தியாய்யா மனுசனை, தன் பேரை எழுதிக்காம எர்மானோவுக்குப் போட்டிருக்கான்" என்று சுவரோரம் முழுக்கப் பேச்சு பரவியது. மிச்சச் சீட்டெல்லாம் அடுத்த கட்சிக்குப் போயிற்று. எர்மானோ ஒரே ஓட்டில் ஜெயித்தார். கை தட்டினார்கள். தட்டியவர்கள் எல்லாரும் யோஸ்டைப் பார்த்துத் தட்டினார்கள்.

யோஸ்ட் நேராக வந்து எர்மானோவின் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

"நல்லவேளை கேட்டேன் மேஸ்திரி. நீங்க சொல்லலன்னா இந்த ஊர் வழக்கம் எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"எந்த வழக்கம்?" என்றான் துல்லியோ.

"தன் பேரைத் தானே எழுதக் கூடாதுங்கற வழக்கம். நீங்க யார் பேரை எழுதுனீங்க மேஸ்திரி?"

துல்லியோ எர்மானோவைப் பார்த்தான். லொரெதானா பார்த்தாள். நாட்ஸரேனா கைப்பையில் எதையோ தேடினாள்.

"அதான் ரகசிய ஓட்டுன்னு சொன்னாங்கல்ல" என்றார் எர்மானோ. காது ரெண்டும் சிவந்துவிட்டது.

வீட்டுக்குப் போகும் வழியில் கேட்டார். "நீ யாருக்குப் போட்ட?"

"அதான் ரகசிய ஓட்டுன்னு சொன்னியே" என்றாள் அவள்.

மறுநாள் காலை காப்பிக்குப் போனார். பார் கதவைத் தள்ளியதும் துல்லியோ வழக்கம்போலக் குரல் கொடுத்தான்.

"வாங்க கவுன்சிலர்."

எர்மானோ திரும்பிப் பார்த்தார், பின்னால் யோஸ்ட் வருகிறானா என்று.