அம்மா துலக்கிய ஓடு

சட்டி ஓட்டின் உட்புறத்தில் கரி அப்பியிருந்ததைப் பார்த்த நொடியில்தான் எனக்கு உறைத்தது: இதே சிங்கப்பூரில் யாரோ, எத்தனையோ நூறு வருடங்களுக்கு முன்னால், சோற்றை அடிப்பிடிக்க விட்டிருக்கிறார்கள்! அதுவரை பழங்காலம் என்றால் எனக்கு ராஜாவும் கப்பலும்தான். கப்பலிலிருந்து இறங்கியவனுக்கும் பசித்திருக்கும், அவனுக்கும் யாரோ மீன் ஆக்கிப் போட்டிருப்பார்கள் என்று தோன்றியதே இல்லை.

அப்போது நான் தொடக்கநிலை நான்கு, பத்து வயது. ஓட்டைக் கொண்டுவந்தவர் மாமா, அம்மாவின் தம்பி. கட்டுமான வேலைக்காக ஊரிலிருந்து வந்தவர். ஆற்றோரம் ஒரு கட்டடத்துக்குப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார். ஞாயிறன்று உட்லண்ட்ஸில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தபோது, டப்பாவுக்குள் செய்தித்தாளில் சுற்றி எடுத்துவந்தார்.

"இந்த மாதிரி நெறைய கெடந்துச்சு. சூப்பர்வைசர் குப்பைன்னுட்டாரு. எல்லாம் லாரி ஏறிடுச்சு."

அந்த சூப்பர்வைசரை அப்போதே வேலையைவிட்டுத் தூக்கினேன், மனத்துக்குள்.

அடுத்த ஞாயிறு அரும்பொருளகத்தில் குழந்தைகள் நாள். பழம்பொருள் எதையாவது கொண்டுபோனால் அகழாய்வு செய்பவர்கள் பார்த்துச் சொல்வார்களாம். கரியைச் சோதித்தால் என்ன சமைத்தார்கள் என்றுகூடக் கண்டுபிடிக்கலாம் என்று நூலகப் புத்தகத்தில் படித்திருந்தேன். வாரம் முழுக்க வகுப்பில் எனக்கு வேறு பேச்சே இல்லை.

சனிக்கிழமை பார்க்கிறேன், பாத்திரம் வடியும் தட்டில், கோப்பைகளுக்கு நடுவே ஓடு உட்கார்ந்திருக்கிறது. கரியைக் காணோம். அம்மா இரும்பு நார் போட்டுத் தேய்த்திருந்தார்.

"அழுக்கோடயா பெரிய எடத்துக்கு எடுத்துட்டுப் போவே? ஊற வச்சுத் தேச்சு, என் கையே வலிக்குது."

"அது அழுக்கு இல்லம்மா! அவங்க சோறு!"

"எவங்க சோறு? உன் சோறு மேசைல இருக்கு. வந்து சாப்பிடு."

சாப்பிடவில்லை. காலங்காலமாக மண்ணுக்குள் தப்பித்துக் கிடந்த கரி, எங்கள் வீட்டு சிங்கில் பத்து நிமிடம் தாங்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மறுநாள் மாமாதான் கூட்டிப்போனார், இஸ்திரி போட்ட சட்டையில். நீண்ட வரிசை. என் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் எனக்குப் பின்னால். மேசையில் இருந்த பெண்மணி ஓட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, உள்ளே ஏதாவது ஒட்டியிருந்ததா என்று ஆங்கிலத்தில் கேட்டார். அம்மா மீதான குற்றப்பத்திரிகையை முழுதாக வாசித்தேன். பொறுமையாகக் கேட்டவர், அடுத்துக் கேட்டார்: எங்கே கிடைத்தது, எவ்வளவு ஆழத்தில், பக்கத்தில் வேறு என்ன இருந்தது?

எனக்குத் தெரியவில்லை. மாமாவுக்குக் கேள்வி புரிந்துவிட்டது. கழுத்தருகே கையை வைத்துக் காட்டினார்.

"பாப்பா, சொல்லு. இவ்ளோ ஆழம். மேல கொட்டுன மண்ணு, அதுக்குக் கீழ கருப்பு மண்ணு. அதுல சிப்பி சிப்பியா கெடந்துச்சு. பச்சையா ஒரு பீங்கான் கிண்ணத் துண்டுகூட…"

"மாமா, சும்மா இருங்க லா. அவங்களுக்குத் தமிழ் தெரியாது."

பின்னால் சிரிப்புச் சத்தம். மாமா கையை இறக்கிக்கொண்டார். பெண்மணி எனக்கு ஒரு ஸ்டிக்கர் கொடுத்து, அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார். ஸ்டிக்கர்! ரயிலில் வழியெல்லாம் அம்மாவைத் திட்டிக்கொண்டே வந்தேன். "போதும், அக்காவ ஒண்ணும் சொல்லாத," என்றார் மாமா.

இப்போது நான் பல்கலைக்கழகத்தில் தொல்லியல் படிக்கிறேன். முதல் வாரமே சொல்லிவிட்டார்கள்: கிடந்த இடம் தெரியாத ஓடு வெறும் ஓடு. உள்ளூர்ச் சட்டி, சீனத்துக் கிண்ணம், தின்று போட்ட சிப்பி மூன்றும் ஒரே கருப்பு மண்ணில் கிடந்தால், கடலோரத்தில் ஒரு குடும்பம் என்ன தின்றது, யாரிடம் சரக்கு வாங்கியது எல்லாம் அங்கேயே இருக்கிறது. மாமா அதைத்தான் சொல்ல வந்தார். வாயை அடைத்தவள் நான். எனக்கோ அம்மாவின் இரும்பு நார் மட்டும்தான் கண்ணில் பட்டது.

ஊருக்குத் திரும்பிவிட்ட மாமாவிடம் போன மாதம் தொலைபேசியில் கேட்டேன். "சிப்பியா? இருந்திருக்கும் பாப்பா. எத்தன பள்ளம் தோண்டியிருப்பேன்!" என்று சிரித்தார்.

இந்தத் தீவைத் தினமும் தோண்டுகிறவர்களிடம் மண்ணில் என்ன பார்த்தீர்கள் என்று யார் கேட்கிறார்கள்? வரும் ஞாயிறு லிட்டில் இந்தியாவில், தொழிலாளர்கள் கூடும் திடலில், ஒரு நோட்டோடு போய் உட்காரப் போகிறேன். அவர்கள் பெயர் வேண்டாம், முதலாளி பெயரும் வேண்டாம்; யார் வேலைக்கும் வில்லங்கம் வரக்கூடாது. வேறு வேலை இல்லையா என்பார்கள். என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். அவர்கள் பேசி முடிக்கும்வரை நான் வாயைத் திறப்பதாக இல்லை.