மாமியின் குளிசையும் ஒரு மாறியும்

நான் பயந்தாங்கொள்ளி. கேற்றைப் பூட்டி பஸ் ஏறிய பிறகும், அடுப்பை நிறுத்தினேனா என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும் ரகம். அப்படிப்பட்ட என்னிடம்தான் என் கணவர், வீட்டில் சும்மா இருக்காமல் கைபேசிச் செயலி செய்யும் படிப்பைப் படிக்கும்படி கட்டாரிலிருந்து போன் எடுத்துச் சொன்னார். சும்மா இருக்கிறேனாம்! சுன்னாகத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் அவருடைய அம்மாவையும், அந்த மாமியின் சலரோகத்தையும், அதாவது சீனி வருத்தத்தையும் வைத்துக்கொண்டு நான் தனியே இருக்கிற இருப்பு அவருக்கு எங்கே தெரியப் போகிறது?

மாமிக்குக் காலையில் சீனியைக் குறைக்க ஒரு குளிசை. கிளினிக்கில் டொக்டர் ஒருமுறை என்னைத் தனியே கூப்பிட்டு, இதைத் தப்பித்தவறியும் இரண்டு தரம் போடவிடக் கூடாது என்று சொன்னார். சீனி ஒரேயடியாக இறங்கிவிடுமாம். உடம்பு வியர்த்து நடுங்கும், கதை குழறும், அப்படியே மயங்கிப் போனால் பிறகு சொல்ல ஏலாது என்றார். அன்றிலிருந்து எனக்கு விடிந்தாலே பயம்.

குளிசைகளைக் கிளினிக்கில் கடதாசி உறைக்குள் உதிரியாகப் போட்டுத் தருவார்கள். போட்டாரா இல்லையா என்று உறையைப் பார்த்துப் பிடிக்க வழியில்லை. ஆகவே தினமும் விசாரணைதான். மாமி போட்டுவிட்டேன் என்பார். நான் நம்பமாட்டேன். "மாமி, நீங்கள் மறக்கிறனீங்கள்" என்பேன். ஒருநாள் உண்மையாகவே மறந்தும் இருந்தார். அது போதாதா? அதைப் பிடித்துக்கொண்டு வாய் ஓயாமல் சொன்னேன். போகப் போக மாமி பதில் சொல்வதற்கு முன்பு என் முகத்தைப் பார்க்கத் தொடங்கினார். அதை நான் கவனித்தேன், ஆனால் பெரிதாக எடுக்கவில்லை.

படிப்பு யாழ்ப்பாணப் பட்டணத்தில், ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில். படிப்பித்த மிஸ் என்னைவிட இளையவர். முதலில் தடக்கி விழுந்தது மாறியை எங்கே அறிவிப்பது என்பதில். மாறி என்றால் ஒரு செய்தியைப் போட்டுவைக்கிற பெட்டி, அவ்வளவுதான். ஆனால் அதை எந்த இடத்தில் வைக்கிறோமோ அந்த இடத்தின் ஆயுள்தான் அதற்கும். பொத்தானுக்குள் வைத்தால், பொத்தானை அமர்த்தும்போது பிறந்து அந்தக் கணமே செத்துப் போகும். திரைக்குள் வைத்தால் திரை இருக்கும்வரை இருக்கும். போனின் சேமிப்பில் எழுதி வைத்தால், போனை நிறுத்தினாலும் அழியாது.

நான் இதை என் பாட்டில் இது, உது, அது என்று பிரித்துக்கொண்டேன். கைக்குள் இருக்கிற பொத்தான் இது. எதிரே இருப்பவர் பார்த்துக்கொண்டிருக்கிற திரை உது. கண்ணுக்குத் தெரியாத சேமிப்பு அது. நான் பார்த்துப் படித்த சென்னைக் காணொளிகளில் இதுவும் அதுவும் மட்டும்தான், நடுவில் ஒன்றும் கிடையாது. எங்கள் பேச்சில்தான் உது இருக்கிறதே என்று எனக்கு ஒரே புளுகம், பெரிய சந்தோசம். உது என்றால் கேட்கிறவருக்குப் பக்கத்தில் பத்திரமாக இருப்பது. மாமிக்கு நான் செய்யப் போகிற செயலிக்கு உதுவே போதும் என்று முடிவு கட்டினேன்.

செயலியில் ஒரேயொரு பொத்தான். காலையில் குளிசை போட்டதும் அமர்த்தினால் திரை பச்சையாகி "போட்டாச்சு" என்று காட்டும். அதுவரை சிவப்பில் "இன்னும் போடேல்லை". போட்டதா இல்லையா என்கிற மாறியைத் திரைக்குள் அறிவித்தேன். அன்றைக்கு வகுப்பு முடியும் நேரத்தில் மிஸ், இந்தத் திரை எப்போதெல்லாம் சாகும் என்று காட்டப்போவதாகச் சொன்னார். எனக்கோ மாமி தனியே இருக்கிற பதற்றம். பஸ்ஸைச் சாட்டி எழுந்து வந்துவிட்டேன். வந்ததும் வராததுமாகச் செயலியை மாமியின் போனில் ஏற்றினேன். மறுநாள் முதல் முறையாக நிம்மதியாகக் காலைத் தேத்தண்ணி குடித்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை மாமிக்கு விரதம். நான் சந்தைக்குப் போய் மரக்கறியோடு திரும்பியபோது, மாமி குசினி நிலத்தில் சுவரோடு சாய்ந்து இருந்தார். சேலை தொப்பலாக நனைந்திருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்து, யாரோ வீட்டுப் பிள்ளையிடம் கேட்பதுபோல, குழறலாக, "நீ ஆற்றை பிள்ளை?" என்று கேட்டார்.

மாமியின் மடியில் கிடந்த போனை எடுத்துப் பார்த்தேன். சிவப்பு. இன்னும் போடேல்லை. மறந்துவிட்டார், அதுதான் சீனி ஏறிவிட்டது என்று நினைத்தேன். உறையைப் பிரித்து ஒரு குளிசையைக் கையில் எடுத்தும்விட்டேன். வாயைத் திறக்கவைக்க மாமியின் தாடையைப் பிடித்தபோதுதான் வியர்வையின் குளிர் கையில் ஏறியது. வியர்வை, நடுக்கம், குழறல். டொக்டர் சொன்னது அப்படியே கண்முன்னால். குளிசையை எறிந்துவிட்டு சீனியைத் தண்ணீரில் கரைத்து, பாதி வாயிலும் பாதி சேலையிலுமாகப் பருக்கினேன். அயலில் உள்ளவரின் ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்வரை, என் கையில் சற்று முன் இருந்த அந்தக் குளிசையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாமிக்கு மருந்து ஏறிக்கொண்டிருக்க, நான் வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்து மாமியின் போனை எடுத்தேன். பொத்தானை அமர்த்தினேன். பச்சை. எழுத்துப் பெரிதாகத் தெரியட்டும் என்று மாமி இடைக்கிடை செய்வதுபோலப் போனைப் படுக்கையாகத் திருப்பினேன். சிவப்பு. திருப்பியவுடன் பழைய திரை செத்து, புதுத் திரை ஒன்றும் அறியாமல் பிறந்துவிடுகிறது. அதற்குள் இருந்த மாறியும் போய்விடுகிறது. மிஸ் காட்ட இருந்தது இதுதான்.

பின்னேரம் மாமி தெளிந்தார். ஏன் இரண்டாம் தரமும் போட்டீர்கள் என்று, கோபமா அழுகையா என்று தெரியாத குரலில் கேட்டேன்.

"போட்டனான் எண்டு எனக்கு வடிவாய்த் தெரியும் பிள்ளை. வாயிலை கைப்பும் கிடந்தது. உது இல்லையெண்டு காட்டிச்சு. நான் மறக்கிறனான் எண்டு நீதானே சொல்லுறனி."

மாறியை இப்போது அன்றன்றைய திகதியோடு சேமிப்புக்கு மாற்றிவிட்டேன். போனை எப்படித் திருப்பினாலும் பச்சை பச்சையாகவே இருக்கிறது. ஆனால் மாமி குளிசையைப் போட்டு, பொத்தானை அமர்த்தி, தண்ணீர்ச் செம்பையும் கீழே வைக்காமல் என்னிடம் வந்து நிற்கிறார்.

"பிள்ளை, நான் போட்டிட்டனோ?"

ஓம் மாமி என்கிறேன். இல்லை என்று சொன்னாலும் நம்பிவிடுவார் என்பதுதான் இப்போது என்னுடைய பயம்.