அருவிக்கு எத்தனை மதிப்பெண்

சென்ற ஆடி இரண்டாவது வாரம், பிசியோதெரபி மையத்தில் எட்டுப் பக்கப் படிவம் ஒன்று கொடுத்தார்கள். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகள் அன்றாட வாழ்வில் எவ்வளவு கலந்துகொள்கிறார்கள் என்று அளப்பதற்கு. கடந்த நான்கு மாதங்களில் மகள் எதை எத்தனை முறை செய்தாள், யாரோடு, எவ்வளவு பிடித்தது என்று கட்டம் கட்டமாகக் கேள்விகள். பிடித்ததற்கு ஐந்து வரை மதிப்பெண். இதை வைத்துத்தான் அடுத்த ஆறு மாதத்துக்கு என்ன பழக்குவதென்று முடிவு செய்வோம் என்றார் அங்கிருந்த பயிற்சியாளர்.

என் மகளுக்குப் பதினோரு வயது. சக்கர நாற்காலியில் இருக்கிறாள். பேச்சு மெதுவாக வரும். நான் அன்றாடம் நாட்குறிப்பு எழுதுகிறவன் என்பதால் படிவம் எனக்குச் சிரமமாக இல்லை. கடையநல்லூர்க் கல்யாணம், சுரண்டையில் செருப்பு வாங்கியது எல்லாம் தேதியோடு இருந்தன.

'நீரில் விளையாடுதல்' என்ற இடத்தில் மட்டும் நின்றேன். அந்தச் சாரல் பருவத்தில் குற்றாலத்துக்கு ஐந்து முறை போயிருந்தோம். நான்கு முறை அவளை நாற்காலியோடு அருவிக்கு எதிரே நிறுத்தி, நானும் மனைவியும் மாற்றி மாற்றிக் குளித்தோம். 'வேடிக்கை பார்த்தாள்' என்று நாட்குறிப்பில் எழுதியிருந்தேன். கூட்டம் குறைந்த ஒரு செவ்வாய்க்கிழமை அவளைத் தூக்கிக்கொண்டு அருவிக்குள்ளேயே போனேன். கத்தினாள். சந்தோஷத்தில் என்று எழுதியிருந்தேன். அதற்கு ஐந்து மதிப்பெண் போட்டேன். அடுத்து என்ன பழக விருப்பம் என்ற இடத்தில், அருவியடியில் பிடிமானத்துக்குப் போட்டிருக்கும் கம்பியைப் பிடித்து நிற்பது என்று பென்சிலால் எழுதினேன்.

பிள்ளையையும் கேட்க வேண்டும் என்று படிவத்தில் இருந்ததால் அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.

"அதுக்கு ரெண்டு போதும்ப்பா. மூச்சே விட முடியல. எல்லாரும் என்னையே பாத்தாவ. மத்த நாலு நாளைக்கும் அஞ்சு போடுங்க."

அந்த நாட்களில் நீ குளிக்கவே இல்லையே என்றேன்.

"துண்டு, போன், உங்க கண்ணாடி எல்லாம் யாரு வச்சிருந்தா? குளிக்க வந்த அந்த அச்சன்புதூர் அக்கா கம்மலக் கழத்தி எங்கிட்டதான குடுத்தா. அம்மாட்ட குடுக்கல."

"ஏட்டி, என்னையப் பாத்தா கள்ளி மாதிரியா இருக்கு?" என்றாள் மனைவி. மகள் சிரித்தாள்.

பொருள் பார்த்துக்கொள்வதற்குப் படிவத்தில் இடமே இல்லை. யார் யார் என்ன கொடுத்தார்கள் என்று என் நாட்குறிப்பிலும் ஒரு வரி இல்லை. அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. அடுத்து என்ன பழகணும் என்று கேட்டதற்கு, பையின் ஜிப்பைத் தானே இழுத்து மூட வேண்டும் என்றாள். சாரலில் போன் நனைகிறதாம்.

உண்மையாகவே இதுதான் பிடித்திருக்கிறதா, அல்லது கரையில் உட்கார்ந்தே பழகிவிட்டாளா? அவள் சொன்னதை எழுதினால் கடைசிவரை துண்டோடு கரையிலேயே விட்டுவிடுவோமோ? கம்பியை எழுதினால் அது யாருடைய ஆசை? அழிக்காமல், அதன் கீழே ஜிப்பையும் எழுதிக்கொண்டு மகளோடு மையத்துக்குப் போனேன்.

ஒரு இலக்குதான் வைக்க முடியும் என்றார் பயிற்சியாளர். அவளிடம் குனிந்து ஏதோ கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, அருவியை அழித்துவிடட்டுமா சார் என்றார். சரி என்று சொல்ல எனக்குச் சற்று நேரம் பிடித்தது.