அப்பாவின் ஜெர்மன் பெயர்

அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. சிட்னிக்கு வந்த நாளிலிருந்து அதை எழுத்தெழுத்தாகச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. வங்கிக்குச் சொன்னேன், மின்சாரக் கம்பெனிக்குச் சொன்னேன், வாடகை வீட்டு ஏஜென்டுக்கு மூன்று தடவை சொன்னேன். ஒவ்வொரு தடவையும் மறுமுனையிலிருந்து, "உங்கள் சொந்தப் பெயரா?" என்று ஒரு கேள்வி வரும். அது என் பெயரே இல்லை என்பதுதான் கொடுமை. அது என் அப்பாவின் பெயர்.

ஊரில் இருந்தவரை அது எனக்கு முன்னால் ஓர் எழுத்தாக, ஒரு புள்ளியோடு, யாருக்கும் தொந்தரவில்லாமல் உட்கார்ந்திருந்தது. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் இனிஷியலை விரித்து எழுதச் சொன்னார்கள். விரித்தேன். அது போய்க் குடும்பப் பெயர்க் கட்டத்தில் உட்கார்ந்துகொண்டது. 2009இல் வேலைக்காக இங்கே வந்து இறங்கியபோது, எனக்கென்று வைத்த நல்ல தமிழ்ப் பெயரை ஒருவரும் சீண்டவில்லை. விமான நிலையத்திலேயே நான் மிஸ்டர் அப்பாவாகிவிட்டேன்.

அப்பாவின் பெயர் பழனி, முருகன் என்று ஏதாவதாக இருந்திருந்தால் யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். அது அசல் ஜெர்மன் பெயர். எங்களுக்குத் தரங்கம்பாடிப் பக்கம். அங்கே வந்திருந்த ஒரு ஜெர்மன் பாதிரியார் அப்பாவின் தாத்தாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது கூடவே கொடுத்த பெயர். தாத்தாவின் பெயர் மூத்த பேரனுக்கு என்ற வழக்கப்படி அது அப்பாவுக்கு வந்தது.

அலுவலகத்தில் முதல் நாள் என்னை வரவேற்க வந்த மேலாளர், என் தலைக்கு மேலே யாரையோ தேடினார். மெரிலேண்ட்ஸில் நாங்கள் போகும் கிளினிக்கில் நர்ஸ் சீட்டைப் பார்த்து அந்தப் பெயரைக் கூப்பிடுவாள். கூப்பிட்டுவிட்டு, நடைவண்டியோடு உட்கார்ந்திருக்கும் வெள்ளைக்காரத் தாத்தாவைப் பார்த்துச் சிரிப்பாள். நான் ஏதோ திருடிவிட்டவனைப் போல மெல்ல எழுந்திருப்பேன். "ஓ, நீங்களா!" என்பாள். ஆமாம் தாயே, நானேதான். இந்த "ஓ"வைக் கேட்டுக் கேட்டு எனக்கு அந்தப் பெயர்மேல் ஒரு வெறுப்பே வந்துவிட்டது.

2011இல் எங்களுக்கு மகன் பிறக்கப் போகிறான் என்று தெரிந்தது. ஸ்கைப்பில் அப்பாவிடம் சொன்னேன். அவர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். சந்தோஷத்தைக்கூட விடை மாதிரிதான் சொல்வார்.

"அப்ப என் பேரு" என்றார்.

"அப்பா, அது சரிப்படாது."

"ஏன் சரிப்படாது? முத பேரன் இல்லையா?"

ஏன் என்றால், என் குடும்பப் பெயர் இங்கே அவர் பெயர். பையனுக்கும் அதுவே குடும்பப் பெயராகப் போகும். முன்னாலும் அவரையே வைத்தால், முன்னும் பின்னும் ஒரே பெயர், ரயில் இரண்டு பக்கமும் எஞ்சின் மாட்டிக்கொண்ட மாதிரி. இதை அவருக்குக் காகிதத்தில் எழுதிக் கேமராவுக்கு முன்னால் பிடித்துக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

"நல்லாத்தானே இருக்கு" என்றார்.

ஆதாரத்தோடு மடக்கலாம் என்று குழந்தைப் பெயர்களுக்கான இணையதளம் ஒன்றில் தேடினேன். தோற்றம்: ஜெர்மானியம். பால்: ஆண். பொருள்: கடவுளை நம்பு. பிரபலம் என்ற இடத்தில் எண்ணே இல்லை, வெறும் கோடு. அலுவலகத்தில் ஹாம்பர்க்கிலிருந்து வந்த அம்மாள் ஒருவர் இருந்தார். அவரிடம் கேட்டதற்குக் காபி சிந்தும் அளவுக்குச் சிரித்தார். அவருடைய பாட்டனாருக்கே அது பழைய பெயராம். கல்லறையில் பார்த்திருக்கிறாராம், பள்ளிக்கூடத்தில் பார்த்ததில்லையாம்.

அதையும் அப்பாவிடம் சொன்னேன். "ஜெர்மன்காரனே கைவிட்ட பேருப்பா!"

"அவன் விட்டா விடட்டும். நாம ஏன் விடணும்?"

என் மனைவிக்கு இரண்டெழுத்தில், வாயில் பட்டென்று நிற்கிற தமிழ்ப் பெயர் வேண்டும். அவளுக்கு வேறொரு சிக்கலும் இருந்தது. "மாமா பேரைச் சொல்லி நான் எப்படிங்க இவனை அதட்டுறது? டேய்னு கூப்பிட முடியுமா?" என்றாள். நியாயமான கேள்வி. இதையும் அப்பாவிடம் சொன்னேன். அவர் எழுந்து போய்விட்டார். திரையில் காலி நாற்காலி மட்டும் தெரிந்தது.

பையன் பிறந்தான். ஆஸ்பத்திரியில் கால் பட்டையில் தாயின் பெயரைப் போட்டு, அவளுடைய குழந்தை என்று எழுதி அனுப்பினார்கள். அறுபது நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். படிவம் குளிர்சாதனப் பெட்டியின்மேல் ஒட்டிக் கிடந்தது. அப்பா பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா மட்டும் வந்து, "அவரு வெளிய போயிருக்காரு" என்பாள். அம்மாவுக்குப் பின்னால் அவர் செருமுவது எனக்கு நன்றாகவே கேட்கும். எழுபதை நெருங்கும் மனிதருக்கு இவ்வளவு வீம்பு ஆகாது என்று எரிச்சல் எரிச்சலாக வந்தது. நான் மட்டும் விட்டுக்கொடுத்தேனா என்று கேட்காதீர்கள். அவர் மகன்தானே நான்.

நாற்பதாவது நாள் தாண்டியிருக்கும். டூங்கபியில் ஒரு பிறந்தநாள் விருந்துக்குப் போனோம். எங்கள் பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து ஆன்ட்டி குழந்தையை வாங்கிக்கொண்டு, "பிள்ளைக்கு என்ன பேர் வைச்சனீங்கள்?" என்றார்.

"இன்னும் வைக்கல ஆன்ட்டி."

"ஐயோ, இவ்வளவு நாளாப் பேரில்லாமலோ பிள்ளை கிடக்குது?"

நான் தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் நழுவினேன். அங்கே ஒருவர் பிடித்துக்கொண்டார். ஊர்க்காரர், மென்பொருள் வேலை, சிரித்த முகம்.

"உங்களுக்கு எந்தப் பக்கம்?"

"தரங்கம்பாடி பக்கம்."

"அட, நமக்கு மாயவரம்! தரங்கம்பாடின்னா ஊருக்குள்ளயா, வெளியவா?"

"பக்கத்துல ஒரு கிராமம்."

"எந்தத் தெரு?"

தமிழ் படிக்கும் யாருக்கும் இந்தக் கேள்விகள் எங்கே போகின்றன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பதினைந்து மணி நேரம் விமானத்தில் வந்தவருக்கும் தெரு வேண்டும். நான் பிரியாணியைப் பிசைந்தேன்.

"அப்பா பேரு என்ன?" என்றார்.

சொன்னேன். அவர் முகத்தில் ஒரு தடுமாற்றம். மனசுக்குள் இருந்த பட்டியலில் அந்தப் பெயரை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

"ஓ... கிறிஸ்டியனா?"

"ஆமா."

"அதுக்கு முன்னாடி?"

சிரிப்பு மாறாமல்தான் கேட்டார். என் காதெல்லாம் சூடாகிவிட்டது. "அதுக்கு முன்னாடி எங்க அப்பாவோட தாத்தா. அவருக்கும் இதே பேருதான்" என்றேன்.

அவர் ரெய்த்தா நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். அவருக்கு மேலே கேட்க ஒன்றுமில்லாமல் போனது. நான் கையில் தட்டோடு நின்றேன். அத்தனை வருஷம் நான் திட்டிய பெயர், கதவைச் சாத்துவதுபோல எனக்கு முன்னால் வந்து நின்றுவிட்டுப் போயிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கூப்பிட்டேன். அம்மா வந்தாள். "வெளிய போயிருக்..." என்று ஆரம்பித்தாள். "அம்மா, அப்பாவைக் குடு" என்று கத்தினேன். வந்தார். விருந்தில் நடந்ததைச் சொன்னேன். கடைசிவரை கேட்டார்.

"அங்கயுமா?" என்றார்.

"அங்கயும்தான். ஏம்ப்பா, இதுக்காகத்தான்னு என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"என்னன்னு சொல்றது? தாத்தாவைப் பண்ணையில எப்படிக் கூப்பிடுவாங்கன்னு அவரே என்கிட்டச் சொல்லியிருக்கார். அந்தப் பேரை நான் உன்கிட்டச் சொல்ல மாட்டேன். என்னோட போகட்டும். பாதிரியார் குடுத்த பேரைத்தான் என்னால உனக்குச் சொல்ல முடியும்."

ஒரு பெயரை இங்கே எழுத மாட்டேன் என்று வீம்பு பிடிக்கிறேனே, அதுகூட அவரிடமிருந்து வந்ததுதான். ஆனால் அவர் சொல்லாத பெயர் வேறு.

மறுநாள் படிவத்தை எடுத்தேன். மனைவி பக்கத்தில் உட்கார்ந்தாள். "நான் அவனைக் குட்டின்னு கூப்பிட்டுக்கிறேன். நீங்க எழுதுங்க" என்றாள். முதற்பெயர்க் கட்டத்தில் அப்பாவின் பெயரை எழுதினேன். குடும்பப் பெயர்க் கட்டத்தில் என் பெயரை எழுதினேன். ஊர் வழக்கம் அதுதானே, தாத்தா பெயர் பேரனுக்கு, அப்பா பெயர் இனிஷியலுக்கு.

மறுவாரம் பதிவு அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அழைத்தாள். குழந்தையின் முதற்பெயராக என் குடும்பப் பெயரும், குடும்பப் பெயராக என் முதற்பெயரும் இருக்கின்றன, கட்டங்களை மாற்றி நிரப்பிவிட்டீர்கள்போல என்றாள். இல்லை, சரியாகத்தான் நிரப்பியிருக்கிறேன் என்றேன். நிச்சயமாகவா என்றாள். தந்தைக்கும் மகனுக்கும் வேறு வேறு குடும்பப் பெயர் இருந்தால் பின்னால் சிரமம் வருமே என்றாள். அந்த வகையில் அவள் சொன்னது பொய்யில்லை. ஒவ்வொரு விமான நிலையத்திலும் இவன் யார் பிள்ளை என்று கேட்கிறார்கள். கடைசியில் அந்தப் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொன்னாள். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

2013இல் ஒருநாள், காய்ச்சலென்று அவனை மெரிலேண்ட்ஸ் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். காய்ச்சல் இருந்தும் கதிரைக்குக் கதிரை தாவிக்கொண்டிருந்தான். பகலெல்லாம் பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து ஆன்ட்டியிடம் வளர்வதால் அவனுக்கு அது நாற்காலி இல்லை, கதிரைதான். நர்ஸ் சீட்டைப் பார்த்து அந்தப் பெயரைக் கூப்பிட்டாள். கூப்பிட்டுவிட்டு, மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு வெள்ளைக்காரத் தாத்தாவைப் பார்த்தாள். நான் பழக்கதோஷத்தில், மன்னிப்புக் கேட்கும் முகத்தோடு பாதி எழுந்திருந்தேன்.

அதற்குள் அவன் கதிரையிலிருந்து குதித்து, "மீ!" என்று கையைத் தூக்கிக்கொண்டு அவளிடம் நடந்துபோனான்.