கோபத்தைச் சாக்கில் கட்டிய ஞாயிற்றுக்கிழமை

போன மாதம் இரண்டாம் ஞாயிறு, என் வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு கோலார் தங்கவயலிலிருந்து பெங்களூர் பிரேசர் டவுனுக்கு யோகா கற்கப் போனேன். உடம்பை வளைக்க இல்லை, வாயை அடக்க. வேலை பார்த்த தங்கச் சுரங்கம் மூடியதிலிருந்து அவருக்கு எதற்கெடுத்தாலும் கோபம். ஒயிட்ஃபீல்டில் ஒரு அடுக்குமாடி வாசலில் காவல் வேலை கிடைத்து ஒரு மாதம்தான். அதற்குள் கார்க்காரர்களோடு இரண்டு சண்டை. "இன்னொரு தடவ கத்துனா வீட்டுக்குக் கிளம்பு" என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

காலை ஐந்தரைக்கு ரயில், ஆளுக்குப் பதினாறு ரூபாய். எட்டு மணிக்கு பெங்களூர் ஈஸ்ட் ஸ்டேஷன். அங்கிருந்து கால் மணி நேர நடை. ஒரு வீட்டு மாடியில் இலவச வகுப்பு.

ஆசிரியர் கன்னடக்காரர், தமிழ் தட்டுத்தடுமாறி வரும். யோகத்தில் சந்தோஷம் என்றால் சிரிப்பும் கும்மாளமும் இல்லையாம், இருப்பதில் மனம் நிறைவதாம். "கோபா பந்தா மெல்ல மூச்சு விடுங்கோ. மனசுல 'சாக்கு' சொல்லுங்கோ" என்றார்.

என் வீட்டுக்காரர் கண்ணை மூடியவர்தான், அரை மணி நேரம் அசையவில்லை.

"இன்னாங்க, தூங்கிட்டீங்களா?"

"சும்மா இருமே. ஒரு மூச்சுக்கு ஒரு ஆளுன்னு சாக்குல போட்டுக் கட்டிக்கினு இருக்கேன். இப்பதான் சூப்பர்வைசர் உள்ள போறாரு."

நான் சிரித்த சிரிப்பில் வகுப்பே நின்றுவிட்டது. விஷயம் கேட்ட ஆசிரியருக்குக் கண்ணில் தண்ணீர். "ஐயோ, சாக்கு அந்த்ரே கன்னடத்துல 'போதும்'! மூட்டை அல்ல!" பிறகு யோசித்து, "ஆளை விட்டுடுங்கோ, கோபாவைக் கட்டுங்கோ" என்றார்.

மறுநாளே பரீட்சை. கேட் திறக்கத் தாமதம் என்று ஒரு கார்க்காரர் கத்தியிருக்கிறார். சூப்பர்வைசர் பக்கத்திலேயே நிற்கிறார். இவர் மூச்சை விட்டு, மனதில் சொல்ல வேண்டியதை வாய்விட்டே சொல்லிவிட்டார்: "சாக்கு." கார்க்காரர் கன்னடக்காரர். போதும் என்று தன்னிடம்தான் நிதானமாகச் சொல்கிறார் என நினைத்து, "சாரிப்பா" என்று கண்ணாடியை ஏற்றிக்கொண்டாராம். வேலை தப்பியது.

போகிறவர்கள் வெறும் வயிற்றோடு போங்கள், தடித்த போர்வை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சொல்லை மனதுக்குள்ளேயே சொல்லுங்கள், எல்லாக் காரிலும் நல்லவர் இருக்க மாட்டார்.

கோபம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். வருகிறது, ஒரு மூச்சு நின்று வருகிறது. அதற்கே அந்த ஆசிரியருக்குக் கும்பிடு. இத்தனை வருஷம் கோபத்தில் பாதிச் சோற்றிலேயே எழுந்து போனவர், நேற்று "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்துமே" என்றார். போதும் என்று படித்த மனுஷன் கேட்கிற கேள்வியா இது? கேலி செய்துகொண்டே ஊற்றினேன்.