திரும்பிப் பார்க்காத பிள்ளை

நெளுக்குளத்து முன்பள்ளி வாசலுக்கு அவித்த கௌபிப் பயற்றின் மணம் வந்தது. இன்றுதான் முதல் நாள். மற்றப் பிள்ளைகள் தாய்மாரைக் கட்டிப்பிடித்துக் குளறிக்கொண்டிருக்க, என் மகள் என் கையை உதறினாள்.

"அம்மா, நீங்கள் போங்கோ. நான் இருப்பன்."

இதே மணத்துக்குள்தான் நானும் பூவரசங்குளத்தில், ஒரு தகரக் கொட்டிலில் இருந்த முன்பள்ளிக்குப் போனேன். ஒவ்வொரு நாளும் அம்மாவின் சேலையில் தொங்கிக்கொண்டு அழுவேன். என்னோடு படித்த செல்வி அழவே மாட்டாள். பழைய சேலையில் தைத்த அவளுடைய சட்டையைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்தபோது, அவள் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள்.

"எங்கம்மா தச்சது. நல்லா இருக்குல்ல?"

கடையில் வாங்கிய லேஸ் சட்டைக்குள் நின்ற எனக்குப் பற்றி எரிந்தது. ஊஞ்சலால் விழுந்தாலும் முழங்காலைத் தட்டிவிட்டு, மறுபடியும் அதில்தான் போய் ஏறுவாள்.

அவளுடைய தாய் மிளகாய்த் தோட்டத்தில் புல்லுப் பிடுங்கப் போகிறவர். போகுமுன் வேலியோரம் நின்று, என் அம்மாவையும் அவரை விடாமல் பிடித்திருக்கும் என்னையும் பார்ப்பார். அப்படியொரு பிள்ளையைப் பெற்ற பெருமையில் எங்களை இளக்காரமாகப் பார்க்கிறார் என்றே இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

"கெட்டிக்காரி. திரும்பியும் பாக்கேல்லை," என்றார், என் மகளை உள்ளே விட்டுவிட்டு வந்த ஆசிரியை.

"ஓம் டீச்சர்," என்றேன்.

பக்கத்தில் ஒரு பெண், தன் சேலையை இறுகப் பிடித்திருந்த மகனின் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டிருந்தாள். செல்வியின் தாய் என் அம்மாவைப் பார்த்ததுபோல அவளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தச் சின்ன விரல்களைப் பார்க்க வயிறு எரிந்தது.